'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஒரிஜினல் ஃபைனல்': கிட் கற்கத் தொடங்கும் மாணவர்களுக்கு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பி.இ., பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஏதோ ஒரு கணினிப் படிப்பில் பிள்ளை இல்லாத தெரு இன்று அரிது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்தும் பிரஸ்ஸும் ஓடிய இடங்கள் சிலவற்றில் இன்று கண்ணாடி வைத்த மென்பொருள் அலுவலகங்கள் நிற்கின்றன. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்காவும் திறக்கப்பட்டது. வேலை வீட்டுக்கு அருகில் வருகிறது. ஆனால் நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் ஒரு சாதாரணக் கேள்விக்கு நம் பிள்ளைகளில் பலர் விழிக்கிறார்கள்: "கிட் தெரியுமா?"

பெரும்பாலான பாடத்திட்டங்களில் இது தனிப் பாடமாக இருப்பதில்லை. ஆய்வகத்தில் ஓரிரு மணி நேரம் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளோ, 'இந்த ரெப்போவை குளோன் செய்துகொள்' என்பதுதான் முதல் சொல்லாக இருக்கும். படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய, காசு செலவில்லாத ஒரு திறமை. அதனால்தான் இந்த இதழில் இதற்கு இத்தனை பக்கம்.

நேர்முகத் தேர்வு கிடக்கட்டும். அதற்கு முன்பே வருகிற ஆபத்து ஒன்று இருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்டை நான்கு பேர் சேர்ந்து செய்கிறார்கள். கோப்புகள் ஒருவருடைய மடிக்கணினியில் இருக்கின்றன. மற்றவர்கள் தாங்கள் எழுதியதை வாட்ஸ்அப்பில் ஜிப் செய்து அனுப்புகிறார்கள். 'ஃபைனல்' என்று ஒரு கோப்புறை, 'ஃபைனல் 2' என்று இன்னொன்று, பிறகு 'ஒரிஜினல் ஃபைனல்'. வைவாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் போய்விடுகிறது. அல்லது, நேற்று இரவு வரை ஓடிய நிரல் இன்று ஓடவில்லை, யார் எதை மாற்றினார்கள் என்று நால்வருக்கும் தெரியவில்லை. நட்பு முறிகிறது, மதிப்பெண் போகிறது. கட்டணத்துக்காகக் கடன் வாங்கிய அத்தாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று பிள்ளை தவிக்கிறது. இதெல்லாம் தவிர்க்கக்கூடிய துன்பம்.

தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல

பதிப்புக் கட்டுப்பாடு என்ற பெயர் கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் தொழிற்பேட்டைப் பட்டறையில் ஜாப் போட்ட எந்தத் தொழிலாளிக்கும் இதன் உள்ளடக்கம் தெரியும். வண்டி உதிரிபாகத்துக்கான டிராயிங் வருகிறது. அதன் மூலையில் ஒரு சிறு கட்டம் இருக்கும். ரிவிஷன் ஏ, ரிவிஷன் பி, ரிவிஷன் சி என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி, என்ன மாறியது, யார் ஒப்புக்கொண்டார் என்பது குறிக்கப்பட்டிருக்கும். துளையின் விட்டம் அரை மில்லிமீட்டர் மாறியிருந்தால் அது அங்கே வந்தாக வேண்டும். பழைய ரிவிஷனை மேசையில் வைத்துக்கொண்டு ஐநூறு பீஸ் ஓட்டினால் ஐநூறும் ரிஜெக்ட். அதனால்தான் ஒழுங்கான பட்டறைகளில் புதுப் படம் வந்ததும் பழையதைத் திரும்ப வாங்கி 'காலாவதி' என்று முத்திரை குத்துகிறார்கள். கிழித்துப் போடுவதில்லை. போன வருடம் அனுப்பிய சரக்கில் புகார் வந்தால், அன்றைக்கு எந்தப் படத்தை வைத்துச் செய்தோம் என்று பார்க்க அது வேண்டும்.

கிட் செய்வது இதைத்தான். ஒரு கோப்புறையில் உள்ள எல்லாக் கோப்புகளுக்கும் சேர்த்து அந்த ரிவிஷன் கட்டத்தை அது வைத்துக்கொள்கிறது. நீங்கள் 'இதைப் பதிவு செய்' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்த நேரத்து நிலை முழுவதும் சேமிக்கப்படுகிறது. இதற்குக் கமிட் என்று பெயர். யார், எப்போது, ஏன் என்பதும் கூடவே பதிவாகிறது. ரிவிஷன் ஏ, பி என்பதற்குப் பதிலாக 40 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளக் குறி கிடைக்கும். அந்தக் குறி கோப்புகளின் உள்ளடக்கத்திலிருந்தும் முந்தைய கமிட்டின் குறியிலிருந்தும் கணக்கிட்டு வருவது. ஆகவே பழைய கமிட் ஒன்றில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்னால் வரும் எல்லாக் குறிகளும் மாறிவிடும். திருட்டுத்தனமாக வரலாற்றைத் திருத்தினால் காட்டிக்கொடுத்துவிடும் ஏற்பாடு இது. அன்றாட வேலைக்கு அந்த 40-ல் முதல் ஏழு எழுத்துகளைக் குறிப்பிட்டாலே பெரும்பாலும் போதும்.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு வேறொரு ஒப்புமை பொருந்தும். ஜமாஅத்தின் வரவு செலவுப் பேரேட்டில் தவறான தொகை ஏறிவிட்டால் வெள்ளை மை பூசி மறைக்கக் கூடாது. எதிர்ப்பதிவு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். தவறும் தெரியும், திருத்தமும் தெரியும். கிட்டில் ரிவர்ட் என்றொரு கட்டளை உண்டு. அது இந்த எதிர்ப்பதிவேதான்: பழைய கமிட்டை அழிக்காமல், அதைச் சரிக்கட்டும் புதிய கமிட் ஒன்றைப் போடும்.

எங்கிருந்து வந்தது

இந்த வகை மென்பொருள் 1970-களிலிருந்தே இருக்கிறது. கிட் பிறந்தது 2005 ஏப்ரலில். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை உலகம் முழுவதும் சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அதற்கு 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளை இலவச அனுமதியில் பயன்படுத்தி வந்தார்கள். ஒரு சச்சரவுக்குப் பிறகு அந்த நிறுவனம் இலவச அனுமதியை விலக்கிக்கொண்டது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தானே உட்கார்ந்து ஒரு மாற்றை எழுதத் தொடங்கினார். சில நாட்களிலேயே கிட்டின் சொந்த நிரலை கிட்டிலேயே சேமிக்கும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் பராமரிப்புப் பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்தார். அடுத்தவர் தயவில் கிடைத்த வசதி ஒரே நாளில் நின்றுபோனதால் பிறந்த கருவி என்பதாலோ என்னவோ, கிட் யாரையும் நம்பியிருக்காது. உங்கள் கணினியில் உள்ள நகலிலேயே முழு வரலாறும் இருக்கும். இணையம் இல்லாமலும் வேலை செய்யும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கிட் வேறு, கிட்ஹப் வேறு. கிட் என்பது உங்கள் கணினியில் ஓடும் கருவி. கிட்ஹப் என்பது 2008-ல் தொடங்கி, 2018-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய ஓர் இணையதளம். கிட் களஞ்சியங்களை அங்கே ஏற்றி வைக்கலாம். கிட்லேப் போன்ற வேறு தளங்களும் உள்ளன. முதல் இரண்டு வாரம் கிட்ஹப் பக்கமே போகாமல் கிட்டை மட்டும் பழகுவது நல்லது என்பது என் கருத்து. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பலர் பாதியில் விடுகிறார்கள்.

நிரல் தெரியாமலே பழகலாம்

கிட் பழக நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு மருத்துவ முகாம் அறிவிப்பை வைத்துப் பழகுவோம். கட்டளைகளைக் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே அவற்றை உச்சரிக்கும் விதத்தில் தமிழில் தருகிறோம்.

கிட்டை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி நிறுவலாம். தமிழக அரசு முன்பு கொடுத்த பழைய மடிக்கணினியே தாராளம். மடிக்கணினி இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டெர்மக்ஸ் என்ற இலவசச் செயலிக்குள் கிட்டை நிறுவிப் பழகலாம். விண்டோஸில் நிறுவும்போது எந்த எடிட்டர் வேண்டும் என்று கேட்கும். அங்கே கண்ணை மூடிக்கொண்டு 'நெக்ஸ்ட்' அழுத்தினால் விம் என்ற எடிட்டர் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குள் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் கணினியையே அணைத்தவர்கள் ஏராளம். நோட்பேடைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் எஸ்கேப் விசையை அழுத்தி, முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி தட்டி என்டர் கொடுத்தால் வெளியே வந்துவிடலாம்.

முதலில் கிட் கான்ஃபிக் கட்டளையால் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் பதிவு செய்ய வேண்டும். ரிவிஷன் கட்டத்தில் கையெழுத்து போல இது. பிறகு 'முகாம்' என்று ஒரு புதுக் கோப்புறை உருவாக்கி, அதற்குள் போய் 'கிட் இனிட்' என்று தட்டுங்கள். டெஸ்க்டாப்பிலோ முழு டி டிரைவிலோ இதைச் செய்துவிடாதீர்கள். அங்குள்ள புகைப்படம், பாட்டு எல்லாவற்றையும் கிட் கணக்கில் எடுக்கப் பார்க்கும். இனிட் கொடுத்ததும் கோப்புறைக்குள் 'டாட் கிட்' என்று ஒரு மறைவான கோப்புறை உருவாகும். முழு வரலாறும் இருப்பது அதற்குள்தான். அதை அழித்தால் வரலாறு போய்விடும். அதையும் சேர்த்துப் பென் டிரைவில் நகல் எடுத்தால் வரலாறும் கூடவே போகும்.

இப்போது நோட்பேடில் 'கண் பரிசோதனை முகாம், ஞாயிறு காலை 9 மணி' என்று ஒரு வரி எழுதிச் சேமியுங்கள். 'கிட் ஸ்டேட்டஸ்' என்று தட்டினால், புதுக் கோப்பு ஒன்று இருக்கிறது, இன்னும் பதிவாகவில்லை என்று சிவப்பில் காட்டும். 'கிட் ஆட்' என்று தட்டி ஓர் இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். பச்சையாக மாறும். பிறகு 'கிட் கமிட்', ஓர் இடைவெளி, ஹைஃபன் எம், மேற்கோள் குறிகளுக்குள் ஒரு குறிப்பு. முதல் பதிவு முடிந்தது.

ஆட் ஏன், கமிட் ஏன், ஒரே வேலைக்கு இரண்டு கட்டளையா என்று எல்லோரும் கேட்பார்கள். நிவாரணப் பொருள் அனுப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தப் பொருள் இந்தப் பெட்டியில் போக வேண்டும் என்று எடுத்து வைப்பது ஆட். பெட்டியை ஒட்டி மேலே சீட்டு எழுதுவது கமிட். காலையிலிருந்து ஐந்து கோப்புகளை மாற்றியிருப்பீர்கள். அதில் இரண்டு கட்டணக் கணக்குக்கானவை, மூன்று முகப்புப் பக்கத்துக்கானவை. இரண்டையும் தனித்தனிப் பெட்டியாக அனுப்பத்தான் இந்த இடைநிலை. நாளை கட்டணக் கணக்கில் தவறு வந்தால் அந்தப் பெட்டியை மட்டும் திருப்பலாம்.

சீட்டில் என்ன எழுதுகிறோம் என்பது முக்கியம். 'அப்டேட்', 'சேஞ்சஸ்', 'ஏதோ ஒன்று' என்று எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்துப் பார்க்கும் உங்களுக்கே புரியாது. 'முகாம் நேரத்தை 9-லிருந்து 10-க்கு மாற்றினேன். மருத்துவர் வரும் நேரம் மாறியதால்' என்பது நல்ல குறிப்பு. தமிழிலும் எழுதலாம், தடையில்லை.

நேரத்தை 10 என்று மாற்றிச் சேமித்துவிட்டு 'கிட் டிஃப்' கொடுங்கள். பழைய வரி கழித்தல் குறியோடு சிவப்பிலும், புது வரி கூட்டல் குறியோடு பச்சையிலும் தெரியும். ஆட் செய்யும் முன் இதை ஒருமுறை பார்க்கும் வழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிழைகள் அங்கேயே பிடிபடும். 'கிட் லாக்' கொடுத்தால் இதுவரை செய்த கமிட்டுகள் புதியதிலிருந்து பழையதாக வரும். பட்டியல் நீண்டு திரை நின்றுவிட்டால் க்யூ அழுத்தினால் போதும். விண்டோஸில் வரி முடிவைப் பற்றி, எல்எஃப், சிஆர்எல்எஃப் என்று ஏதோ எச்சரிக்கை வரும். பயப்பட வேண்டாம். விண்டோஸும் லினக்ஸும் வரியை முடிக்கும் விதம் வேறு என்பதைத்தான் அது சொல்கிறது.

இந்த ஐந்தாறு கட்டளைகளை ஒரு வாரம் தினம் பத்து நிமிடம் செய்யுங்கள். வேறொன்றும் கற்க வேண்டாம்.

நான்கு பேர் சேரும்போது

அறிவிப்பை இருவர் ஒரே நேரத்தில் திருத்துகிறார்கள். ஒருவர் நேரத்தை 10 என்கிறார், இன்னொருவர் அதே வரியில் 11 என்கிறார். வாட்ஸ்அப் முறையில் கடைசியாக அனுப்பியவர் வென்றுவிடுவார். முதலாமவர் செய்தது சத்தமில்லாமல் காணாமல் போகும். கிட் அப்படி விடாது. இருவர் வேலையையும் இணைக்கும்போது, வெவ்வேறு வரிகளில் மாற்றம் இருந்தால் தானே சேர்த்துவிடும். ஒரே வரியில் மோதினால் நின்றுவிட்டு 'கான்ஃப்ளிக்ட்' என்று சொல்லும். கோப்பைத் திறந்தால் இடப்பக்கம் நோக்கிய ஏழு கூர்க்குறிகள், அதன் கீழே உங்கள் வரி, ஏழு சமக்குறிகள், அதன் கீழே அவருடைய வரி, வலப்பக்கம் நோக்கிய ஏழு கூர்க்குறிகள் என்று இருக்கும். இதைப் பார்த்ததும் கணினி கெட்டுவிட்டது என்று கோப்புறையையே அழிப்பவர்கள் உண்டு. கெடவில்லை. எது சரி என்று உங்களைக் கேட்கிறது, அவ்வளவுதான். மருத்துவருக்குப் போன் செய்து கேட்டு, சரியான வரியை மட்டும் வைத்து, அந்தக் குறிகளை நீக்கிவிட்டு, ஆட், கமிட். முடிந்தது.

புராஜெக்டில் ஒவ்வொருவரும் தனக்கென ஒரு கிளை பிரித்து வேலை செய்வதுதான் நடைமுறை. 'கிட் ஸ்விட்ச்', ஹைஃபன் சி, கிளையின் பெயர் என்று கொடுத்தால் புதுக் கிளை உருவாகும். பழைய பாடங்களில் இதற்கு 'செக்அவுட்' என்ற கட்டளை இருக்கும். 2019-ல் வந்த ஸ்விட்ச் இதைவிடத் தெளிவானது. கிளையில் என்ன சோதனை செய்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் மெயின் கிளை கெடாது. வேலை சரியாக வந்ததும் இணைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டத்தில் கிட்ஹப் தேவைப்படும். இருப்பதை இறக்குவது குளோன், மற்றவர்களுடைய புது வேலையை வாங்குவது புல், உங்களுடையதை ஏற்றுவது புஷ். காலையில் உட்கார்ந்ததும் புல், எழும் முன் புஷ். கிட்ஹப் கணக்கின் கடவுச்சொல்லைப் புஷ்ஷுக்குக் கொடுத்தால் ஏற்காது. 2021 ஆகஸ்ட் 13 முதல் அந்த வழியை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். விண்டோஸில் உலாவி திறந்து உள்நுழையச் சொல்லும். மற்ற இடங்களில் டோக்கன் என்ற தனிச் சாவியை உருவாக்கிக்கொள்ள வேண்டும். பழைய யூடியூப் பாடத்தைப் பார்த்துக்கொண்டு கடவுச்சொல்லை இருபது முறை தட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

புராஜெக்டைக் கடையில் விலைக்கு வாங்கும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய நிரலை ஏற்றினால் அதன் வரலாற்றில் ஒரே ஒரு கமிட் இருக்கும். மூன்று மாதம் தானே செய்த பிள்ளையின் களஞ்சியத்தில் தவறுகளும் திருத்தங்களுமாக நூறு கமிட் இருக்கும். நேர்முகத் தேர்வில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு வித்தியாசம் தெரியாமலா போகும்? அதற்காகக் கிட்ஹப்பில் தினமும் பச்சைக் கட்டம் விழ வேண்டும் என்று வெறுமனே கமிட் போடுவதிலும் அர்த்தமில்லை. ஒரு நல்ல களஞ்சியம், என்ன செய்கிறது என்று விளக்கும் ஒரு ரீட்மி கோப்போடு இருந்தால் போதும்.

இழப்பும் மீட்பும்

கமிட் செய்த எதையும் கிட்டில் எளிதில் இழக்க முடியாது. தவறுதலாகக் கிளையை நீக்கினாலும் 'கிட் ரீஃப்லாக்' என்ற கட்டளை உங்கள் கணினியில் சமீபத்தில் நீங்கள் நின்ற இடங்களைக் காட்டும். அந்தப் பட்டியலில் உள்ள குறியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகலாம். வழக்கமான அமைப்பில் இந்தத் தடயம் குறைந்தது 30 நாளுக்கு இருக்கும்.

கமிட் செய்யாததற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 'கிட் ரீஸ்டோர்' என்று கோப்பின் பெயரைக் கொடுத்தால், கடைசியாகப் பதிவு செய்த நிலைக்குக் கோப்பு திரும்பும்; நடுவில் நீங்கள் தட்டியது மீளாது. 'ரீசெட் ஹார்ட்' இன்னும் ஆபத்தானது; எல்லாக் கோப்புகளிலும் அதைச் செய்துவிடும். இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று அதைத் தட்டும் முன் ஒருமுறை ஸ்டேட்டஸ் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் முழுக் கோப்புறையையும் வேறிடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

மறதி இல்லாத கருவியின் மறுபக்கம்

கிட் எதையும் மறப்பதில்லை என்பதே சில நேரம் பெரும் தீங்காகும். இதை ஒவ்வொரு மாணவரும், அறக்கட்டளைகளின் கணினி வேலையைப் பார்க்கும் சகோதரர்களும் கவனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

விதவை உதவித்தொகை பெறுவோர் பட்டியல், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், நோயாளிகளின் மருத்துவ விவரம் ஆகியவற்றைக் களஞ்சியத்துக்குள் வைக்கவே கூடாது. பொதுவில் திறந்திருக்கும் களஞ்சியத்தில் ஒருமுறை ஏற்றிவிட்டு, பிறகு அந்தக் கோப்பை நீக்கி இன்னொரு கமிட் போட்டால் அது போய்விட்டதாக நினைக்கிறார்கள். போகவில்லை. பழைய கமிட்டைத் திறக்கும் யாருக்கும் அது அப்படியே தெரியும். அதற்குள் யாராவது குளோன் எடுத்திருந்தால் வரலாற்றையே மாற்றி எழுதினாலும் அவருடைய நகலில் இருக்கும். கைநீட்டி வாங்க வேண்டிய நிலையில் உள்ள ஒரு குடும்பத்தின் பெயரும் முகவரியும் உலகத்துக்கே திறந்து கிடப்பதை எந்த மன்னிப்பும் சரிசெய்யாது. 2023-ன் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைப் பொறுப்பாகவே பார்க்கிறது. மாதிரிக்குப் பட்டியல் தேவைப்பட்டால் பொய்யான பெயர்களும் எண்களும் இட்டு ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல்லும் ஏபிஐ சாவியும் அதே போலத்தான். திறந்த களஞ்சியங்களில் சாவிகளைத் தேடி எடுப்பதற்கென்றே தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மேகக் கணினிச் சாவி ஒன்று வெளியானால், அதை வைத்து வேறு யாரோ ஓட்டிய கணினிக்கு உங்கள் பெயரில் பில் வரும். வெளியானது தெரிந்தால் முதல் வேலை அந்தச் சாவியை ரத்து செய்வது. கோப்பை அழிப்பது அப்புறம். முன்கூட்டியே 'டாட் கிட்இக்னோர்' என்ற கோப்பில் எந்தெந்தக் கோப்புகளைக் கிட் தொடக்கூடாது என்று எழுதி வைத்துவிடலாம். கிட்ஹப்பில் பூட்டிய களஞ்சியங்கள் 2019 முதல் தனிநபர்களுக்கும் இலவசம்; ஆனாலும் பூட்டு இருக்கிறது என்பதற்காக மற்றவர் விவரத்தை அங்கே வைப்பதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கமிட்டில் உள்ள மின்னஞ்சல் முகவரி, திறந்த களஞ்சியத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை எடுத்துத் தொந்தரவு செய்பவர்கள் உண்டு. கிட்ஹப்பின் மின்னஞ்சல் அமைப்புகளில் உங்கள் முகவரியை மறைத்துவிட்டு, அவர்கள் தரும் 'நோ ரிப்ளை' முகவரியைக் கான்ஃபிக்கில் கொடுக்கலாம். முதல் கமிட்டுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பின்னால் செய்தால் பழைய கமிட்டுகளில் பழைய முகவரி அப்படியே நிற்கும்.

கல்லூரி ஆய்வகத்திலோ பிரவுசிங் சென்டரிலோ வேலை செய்பவர்கள், முந்தையவர் பெயர் கான்ஃபிக்கில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் உழைத்தது வேறு யாரோ செய்ததாகப் பதிவாகும். 'குளோபல்' என்ற சொல்லைச் சேர்க்காமல் கான்ஃபிக் கொடுத்தால் அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் பொருந்தும். எழுந்து போகும் முன் விண்டோஸ் கிரெடென்ஷியல் மேனேஜரில் கிட்ஹப் கணக்கு சேமிக்கப்பட்டிருந்தால் நீக்கிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் கிட் தேவையா என்றால், இல்லை. வரவு செலவு எக்செல் கோப்பையோ வேர்டு கடிதத்தையோ கிட் சேமிக்கும். ஆனால் எந்த வரி மாறியது என்று உருப்படியாகக் காட்டாது. அவற்றுக்கு கூகுள் ஷீட்ஸில் உள்ள பதிப்பு வரலாறே போதும். பெரிய வீடியோக்களுக்கும் இது இடமில்லை. கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது.

தமிழில் எழுதும்போது

கோப்புக்கு 'அறிவிப்பு' என்று தமிழில் பெயர் வைத்து ஸ்டேட்டஸ் கொடுத்தால், பெயருக்குப் பதில் 340, 256 என்று எண்களாக ஓடும். கோப்பு கெடவில்லை. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைக் கிட் இயல்பாக அப்படித்தான் காட்டும். கான்ஃபிக்கில் 'கோர் டாட் கோட்பாத்' என்பதை ஃபால்ஸ் என்று மாற்றினால் தமிழிலேயே தெரியும். டிஃப் வரிக்கு வரி ஒப்பிடுவதால், ஒரு பத்தியை முழுக்க ஒரே வரியாக அடித்திருந்தால் ஒற்றெழுத்து ஒன்றைத் திருத்தினாலும் பத்தி முழுவதும் மாறியதாகக் காட்டும். 'வேர்டு டிஃப்' என்ற தேர்வைச் சேர்த்தால் மாறிய சொல்லை மட்டும் காட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் டிஃப்பில் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதே வழி.

மேலே படிக்க விரும்புவோருக்கு, ஸ்காட் சக்கோன், பென் ஸ்ட்ராப் எழுதிய 'புரோ கிட்' நூல் கிட்டின் அதிகாரப்பூர்வத் தளத்தில் முழுமையாக இலவசமாகக் கிடைக்கிறது. முதல் மூன்று அத்தியாயங்கள் போதும். ஆங்கிலம் எளிமையானதுதான்.

பழகியதைப் பயன்படுத்திப் பார்க்க நம் மொழியிலேயே இடம் இருக்கிறது. முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன் தமிழ் என்ற பைதான் நிரல்தொகுப்பு கிட்ஹப்பில் திறந்திருக்கிறது. 'கி' என்பது நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் அது ககரமும் இகரக் குறியுமாக இரண்டு. இப்படிப்பட்ட சிக்கலைத் தீர்த்து, ஒரு சொல்லில் உள்ள தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தரும் வேலையை அது செய்கிறது. 2012 முதல் 'கணியம்' மின்னிதழ் வழியே தமிழில் கணினிக் கட்டுரைகளைத் தந்துவரும் குழுவினரின் கணியம் அறக்கட்டளை, செய்ய வேண்டிய மென்பொருள் திட்டங்களுக்கான யோசனைகளைத் தன் கிட்ஹப் பக்கத்தில் பட்டியலாகவே போட்டு வைத்திருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள் கடைக்குப் போகும் முன் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம்.

இத்தகைய திட்டங்களில் சேர யாருடைய சிபாரிசும் வேண்டாம். களஞ்சியத்தை ஃபோர்க் என்ற பொத்தானால் உங்கள் கணக்குக்கு நகல் எடுத்து, தனிக் கிளையில் திருத்தம் செய்து, புல் ரிக்வெஸ்ட் என்ற வேண்டுகோளாக அனுப்ப வேண்டும். பராமரிப்பவர் பார்த்து, குறை இருந்தால் சொல்வார். திருத்தி மீண்டும் அனுப்பலாம். பதில் வர சில நாளோ சில வாரமோ ஆகலாம், அவர்களும் ஓய்வு நேரத்தில் செய்பவர்கள்தான். முதல் முறை பெரிய நிரல் எதுவும் வேண்டாம். விளக்கக் கோப்பில் உள்ள ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பினாலும் அது உங்கள் பெயரில்தான் பதிவாகும்.